வேலை செய்யாத மருந்தைப் பற்றி யார் சொல்வது?

ஒரு மருத்துவமனையின் நரம்பியல் துறையில் மருந்தாய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். டாக்டர் ஆய்வைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனபிறகு, நோயாளியின் குடும்பத்தோடு உட்கார்ந்து கன்சென்ட் ஃபார்மை (சம்மதப் படிவத்தை) பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டுவது என் வேலையில் பெரும்பகுதி. பக்கவாதம் வந்தவரால் பல நேரம் பேச முடியாது. மனைவியோ மகனோ கையெழுத்துப் போடுவார்கள். எழுதத் தெரியாதவர் என்றால் பெருவிரல் ரேகை, பக்கத்தில் ஒரு சாட்சியின் கையெழுத்து. படிவத்தில் ‘நன்மைகள்’ என்ற தலைப்புக்குக் கீழே அநேகமாக எல்லா ஆய்விலும் ஒரு வரி இருக்கும்: ‘இந்த ஆய்வினால் உங்களுக்கு நேரடிப் பலன் கிடைக்காமல் போகலாம், ஆனால் இதில் தெரியவரும் தகவல் வருங்கால நோயாளிகளுக்கு உதவும்.’

மற்ற பக்கங்களை அரைகுறையாகக் கேட்பவர்கள்கூட இந்த வரி வரும்போது நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். “நமக்கு ஆகலேன்னாலும் இன்னொருத்தருக்கு ஆகட்டும்மா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. அந்த வரி ஒரு வாக்குறுதி. மருந்து பலித்தாலும் பலிக்காவிட்டாலும் முடிவு வெளியே வந்தால்தான் அது காப்பாற்றப்படும். பலிக்காத ஆய்வை மூடி வைத்துவிட்டால், அந்தக் குடும்பத்திடம் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியதாகத்தான் ஆகிறது.

ஒரு ஆய்வில் கணவரைச் சேர்த்த அம்மா ஒருவர், ஆய்வு முடிந்து நெடுநாள் கழித்து மாத்திரை வாங்க வந்தபோது என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, அந்த ஊசி மத்தவங்களுக்காவது வேலை செஞ்சுதா?” “இன்னும் ரிசல்ட் வெளியிடலைங்கம்மா” என்றேன். அதற்குப் பிறகும் அது வெளிவரவில்லை. பலன் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை என்று வாய்வழியாகச் செய்தி வந்ததோடு சரி. எங்கள் அலமாரியில் அந்த ஆய்வின் கோப்புகள் முறைப்படி பெட்டிகளில் கட்டி, லேபிள் ஒட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வளவு துல்லியமாகச் சேகரித்த தகவல், உலகத்தில் யாருக்கும் பயன்படாமல்.

நெகட்டிவ் ரிசல்ட் என்று நாங்கள் சொல்வதில் பல வகை உண்டு. மருந்து கொடுத்தவர்களுக்கும் டம்மி மருந்து கொடுத்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று போதுமான ஆட்களை வைத்துக் காட்டுவது ஒன்று. மருந்து கெடுதல் செய்தது என்று காட்டுவது இன்னொன்று. இருபது பேரை வைத்து ஆய்வு செய்து “ஒன்றும் தெரியவில்லை” என்று முடிப்பது இந்த இரண்டிலும் சேராது. அங்கே கேள்விக்குப் பதிலே கிடைக்கவில்லை. நான் இங்கே பேசுவது முதல் இரண்டைப் பற்றி. எல்லாத் தோல்வியையும் கொண்டாட வேண்டும் என்பது என் கட்சி இல்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டு, சரியான அளவில் ஆட்களைச் சேர்த்து, ஒழுங்காகப் பின்தொடர்ந்து “இல்லை” என்ற பதிலைக் கொண்டு வந்தவர்களுக்கு, “ஆம்” என்று கொண்டு வந்தவர்களுக்குக் கிடைக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கிராஷ் ஆய்வு.

தலையில் அடிபட்டவருக்கு மூளை வீங்கும். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுத்தால் நல்லது என்பது முப்பது வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்கப் பல மருத்துவமனைகளில் இருந்த நம்பிக்கை. கேட்பதற்கும் நியாயமாகத்தான் இருக்கிறது: மூளைக் கட்டியைச் சுற்றி வரும் வீக்கம் ஸ்டீராய்டால் குறைகிறது, அடிபட்ட வீக்கமும் குறையாதா? நடுவில் சில சின்னச் சின்ன ஆய்வுகள் வந்தன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் நல்லதா கெட்டதா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. எனவே லண்டனை மையமாகக் கொண்டு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு, 20,000 பேரைச் சேர்ப்பது என்ற திட்டத்தோடு ஓர் ஆய்வு தொடங்கியது. 49 நாடுகள், 239 மருத்துவமனைகள். இந்திய மருத்துவமனைகளும் அதில் இருந்தன. தலையில் அடிபட்டு எட்டு மணி நேரத்துக்குள் வந்த, நினைவு குறைந்திருந்த பெரியவர்களில், குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 48 மணி நேரம் சொட்டுசொட்டாக ஏற்றப்பட்டது. மீதிப் பேருக்கு மருந்தில்லாத டம்மி திரவம்.

10,008 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2004 மே மாதம், கண்காணிப்புக் குழு கணக்கைப் பார்த்துவிட்டு முடிவை ஆய்வுக் குழுவுக்குத் தெரியப்படுத்தியது. ஆட்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள்: ஸ்டீராய்டு வாங்கியவர்களில் 21.1 சதவீதம், வாங்காதவர்களில் 17.9 சதவீதம். நூறு பேருக்கு மூன்று பேர் கூடுதலாக. வீக்கத்தைக் குறைத்து உயிரைக் காப்பாற்றும் என்று நம்பிக் கொடுத்த மருந்து உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது, அதுவும் பல பத்தாண்டுகளாக. அந்த வருஷமே லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. தலைக்காயத்துக்கு அதிக அளவு ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது என்பது இன்று வழிகாட்டி நெறிகளில் இருக்கிறது.

இதில் என்னை உலுக்குவது ஒரு விஷயம்தான். நூறில் மூன்று பேர் என்பது எந்த ஒரு டாக்டரின் கண்ணுக்கும் தெரியாது. தலையில் பலத்த அடியோடு வந்தவர் இறந்தால் காயம் கொன்றது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிழைத்தால் மருந்து காப்பாற்றியது என்பார்கள். அனுபவம் எவ்வளவு இருந்தாலும் வார்டில் நின்று இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பத்தாயிரம் பேரை எண்ணித்தான் பார்க்க வேண்டும், எண்ணியதைச் சொல்லவும் வேண்டும். இந்த ஆய்வை நடத்திய இயன் ராபர்ட்ஸும் அவருடைய குழுவும் சொன்னார்கள். இன்றைக்கு நம் ஊர் பைபாஸில் பைக்கிலிருந்து விழுந்து வரும் பையனுக்கு அந்த ஊசி போடப்படாமல் இருப்பதற்கு அந்தக் கணக்குதான் காரணம். அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் அது தெரியப்போவதில்லை. புது மருந்து கண்டுபிடித்தவருக்குச் சிலை வைப்போம். கெட்ட மருந்தை நிறுத்தியவரின் பெயர் மருத்துவ உலகத்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. எரிக் டர்னர் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் முன்பு ஆய்வு அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். மருந்து நிறுவனங்கள் அனுமதி கேட்கும்போது தாங்கள் நடத்திய எல்லா ஆய்வையும் அங்கே தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் டாக்டர்கள் படிக்கும் இதழ்களில் எல்லாமும் வருவதில்லை. டர்னரும் அவருடன் சேர்ந்தவர்களும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 12 மனச்சோர்வு மருந்துகள், 74 ஆய்வுகள், 12,564 நோயாளிகள். கட்டுரை 2008இல் வெளிவந்தது.

அந்த அமைப்பின் கணிப்பில் 38 ஆய்வுகள் மருந்துக்குச் சாதகமானவை. அவற்றில் 37 இதழ்களில் வெளியாகிவிட்டன. மீதி 36 சாதகமில்லாதவை, இல்லை சந்தேகத்துக்குரியவை. அவற்றில் 22 வெளிவரவே இல்லை. 11 ஆய்வுகள் ஏதோ நல்ல பலன் கிடைத்தது போலத் தோன்றும்படி மாற்றி எழுதி வெளியிடப்பட்டன. உள்ளபடி “பலனில்லை” என்று வெளிவந்தவை 3. ஆக, இதழ்களை மட்டும் படிக்கும் டாக்டருக்கு 94 சதவீத ஆய்வுகள் வெற்றி. முழுக் கோப்பையும் பார்த்தவருக்கு 51 சதவீதம்தான். மருந்தின் பலன் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு ஊதிக் காட்டப்பட்டிருந்தது. வெளிவராத அந்த ஆய்வுகளில் 3,449 பேர் இருந்தார்கள். மனச்சோர்வின் நடுவில், டம்மி மாத்திரையாகவும் இருக்கலாம் என்று தெரிந்தே சம்மதித்தவர்கள். அவர்களுடைய படிவத்திலும் நான் முதலில் சொன்ன வரியைப் போல ஒன்று இருந்திருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கணக்கைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வெளிவராதவற்றையும் சேர்த்துக் கூட்டிய பிறகும் அந்த 12 மருந்துகளும் டம்மியைவிடச் சராசரியில் மேலாகவே இருந்தன என்றுதான் டர்னரின் கட்டுரை சொல்கிறது. பலன் இருக்கிறது, விளம்பரப்படுத்திய அளவுக்கு இல்லை. அந்த வித்தியாசம் டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரிந்திருந்தால், மாத்திரையோடு பேச்சு சிகிச்சையையும் முன்னதாகவே யோசித்திருப்பார்கள், ஒரு மருந்து பலிக்காதபோது “எனக்குத்தான் ஏதோ கோளாறு” என்று நோயாளி மனம் நொந்திருக்க மாட்டார்.

மருந்து மனிதர்களுக்கு வருவதற்கு முந்தைய கட்டத்திலும் இதே கதைதான். பக்கவாதத்திலிருந்து மூளையைக் காப்பாற்ற 2006 வரை ஆய்வுக்கூடங்களில் முயன்று பார்த்த வழிகளை ஆஸ்திரேலியாவில் ஒரு குழு எண்ணியது: 1,026. அதில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டவை 114. எலியில் அவ்வளவு நன்றாக வேலை செய்ததெல்லாம் மனிதரிடம் வந்ததும் ஏன் படுத்துவிடுகிறது என்பதற்கு ஒரு பாதிப் பதில் 2010இல் கிடைத்தது. விலங்குகளில் நடந்த பக்கவாத ஆய்வுகளில் 525 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால், குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை என்று சொன்னவை வெறும் 10. எலிகள் இவ்வளவு ஒத்துழைக்காது. பலிக்காத சோதனைகள் எங்கேயோ நோட்டுப் புத்தகத்திலேயே நின்றுவிட்டன. மிச்சத்தை நம்பித்தான் நாங்கள் ஒரு அம்மாவிடம் படிவத்தை நீட்டுகிறோம்.

ஏஎல்எஸ் என்ற நரம்புச் சிதைவு நோயில் இதை ஒருவர் நேராக எதிர்கொண்டார். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, கடைசியில் மூச்சுவிடும் தசையும் ஓய்ந்துபோகும் நோய் அது. அமெரிக்காவில் இந்த நோய்க்காகவே இயங்கும் லாப நோக்கமில்லாத ஆய்வுக்கூடம் ஒன்றில் ஷான் ஸ்காட்டும் அவர் குழுவினரும், எலியில் வாழ்நாளைக் கூட்டியதாக மற்றவர்கள் எழுதியிருந்த மருந்துகளை எடுத்து, போதுமான எண்ணிக்கையில் எலிகளை வைத்து, ஒழுங்கான முறையில் திரும்பச் சோதித்தார்கள். 70க்கும் மேற்பட்ட மருந்துகளைப் பார்த்ததில் ஒன்றும் தேறவில்லை. 2008இல் அப்படியே எழுதினார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான், எலியில் நம்பிக்கை தந்த மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் 412 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, மருந்து எடுத்தவர்களுக்கு நோய் 25 சதவீதம் வேகமாக முற்றியது என்று முடிவு வந்திருந்தது. ஸ்காட்டின் தாய்க்கு அதே நோய் இருந்தது. 2009இல் ஸ்காட்டையும் அது கொண்டுபோனது. மருந்து கிடைத்துவிட வேண்டும் என்று அவரைவிட யார் ஆசைப்பட்டிருக்க முடியும்? அவர்தான் “இவை எதுவும் வேலை செய்யவில்லை” என்று அச்சில் போட்டார். அந்தக் கட்டுரையை எப்போது எடுத்தாலும் என்னால் சும்மா புரட்டிவிட்டு வைக்க முடிவதில்லை.

சரி, நம் பக்கம் வருவோம். இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நெகட்டிவ் ஆய்வுதான்: அட்டெண்ட்.

பக்கவாதம் வந்து வீடு திரும்புகிறவருக்குத் தினமும் பிசியோதெரபிஸ்ட் வர வேண்டும். எத்தனை வீட்டுக்கு வர முடியும்? எத்தனை பேரால் காசு கொடுக்க முடியும்? எனவே ஒரு நல்ல யோசனை: குடும்பத்தில் ஒருவருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் என்ன? படுக்கையில் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, தோள்பட்டை விலகாமல் செயலிழந்த கையை எப்படித் தூக்குவது, நாற்காலியில் இருந்து எப்படி எழுப்பி நிற்க வைப்பது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, வீட்டுக்கும் போய்ப் பார்த்து இரண்டு மாதம் வரை உடன் நிற்பது. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டக்கூடிய யோசனை. அரசாங்கங்கள் அப்படியே திட்டமாக அறிவித்துவிடக்கூடிய யோசனை.

லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் துரை பாண்டியனும் ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் லிண்ட்லியும் மற்றவர்களும் அறிவிப்பதற்கு முன் சோதிக்கலாம் என்றார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களையும் பிறர் உதவியின்றி இயங்க முடியாதவர்களையும் எண்ணினால், பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம், பெறாத குடும்பங்களிலும் 47 சதவீதம். 2017இல் லான்செட்டில் மறைக்காமல் வந்தது.

இதைப் படித்து என்னோடு வேலை செய்யும் ஒருவர் “அப்போ வீட்டுக்காரங்க செய்யறதெல்லாம் வீணா?” என்று கேட்டார். அப்படி இல்லை. பயிற்சி கொடுக்காத குடும்பங்களும் சும்மா இருந்துவிடவில்லை. நம் ஊரில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். கையைப் பிடித்து நடக்க வைப்பார்கள், எண்ணெய் தேய்ப்பார்கள், ஊட்டுவார்கள். அதற்கு மேல் கொடுத்த அந்தப் பயிற்சி கூடுதல் பலன் தரவில்லை என்பதுதான் செய்தி. தொழில்முறைப் பிசியோதெரபிஸ்டுகளை நியமிக்கும் செலவைத் தவிர்க்க, அந்தப் பாரத்தைக் குடும்பத்துப் பெண்கள் தலையில் கட்டி, “ஆய்வு சொல்லுது” என்று சொல்வதற்கு இனி ஆதாரம் இல்லை என்று நான் படிக்கிறேன். வேலையை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் எத்தனையோ மகள்களோடு தினமும் பேசுகிறவள் நான். “நீ இன்னும் கொஞ்சம் செஞ்சிருந்தா அவர் நடந்திருப்பார்” என்று உறவினர்கள் சொல்லிச் சொல்லி நொறுங்கிப்போனவர்கள் அவர்கள். அவர்களுக்கு அந்த 47-க்கு 47 ஒரு ஆறுதல். நான் சொல்லியும் இருக்கிறேன்.

பாண்டியன் உள்ளிட்ட இந்தியக் குழுவினர் அடுத்து நடத்திய ஸ்பிரிண்ட் இந்தியா என்ற ஆய்வும் அப்படித்தான்: குறுஞ்செய்தி, காணொளி, பயிற்சிப் புத்தகம் மூலம் இரண்டாவது பக்கவாதத்தைத் தடுக்க முடியுமா என்று 4,298 பேரிடம் பார்த்தார்கள். தடுக்க முடியவில்லை, இடையில் நிறுத்தி, 2023இல் வெளியிட்டார்கள்.

ஸ்டெம் செல் சிகிச்சை விஷயத்தில் இது இன்னும் அவசரம். “லட்சக்கணக்கில் கேக்கறாங்க மேடம், கடன் வாங்கியாவது போட்டுடலாமா?” என்று வாட்ஸாப்பில் வந்த ஒரு நோட்டீஸைக் காட்டிக் கேட்கும் மகன்கள் எங்கள் ஓபியில் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இன்வெஸ்ட் என்ற இந்திய ஆய்வு. எய்ம்ஸ் டாக்டர் காமேஷ்வர் பிரசாத் தலைமையில் ஐந்து மையங்களில், பக்கவாதம் வந்த 120 பேரில் பாதிப் பேருக்கு அவரவர் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களையே ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். ஆபத்து ஏதும் தெரியவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தேறியிருந்தார்கள். 2014இல் வெளிவந்தது. இதைத் தமிழில் நாலு வரியில் விளக்கிச் சொன்ன பிறகு பணத்தைப் பிசியோதெரபிக்கு ஒதுக்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த முடிவு ஏதோ ஒரு அலமாரியில் கிடந்திருந்தால் நான் எதைச் சொல்லியிருப்பேன்?

இத்தகைய ஆய்வுகளுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் மூளை, மனநல மருந்தியலுக்கான பெரிய அறிவியல் அமைப்பு ஒன்று, நெகட்டிவ் முடிவை வெளியிட்டவருக்கு 10,000 யூரோ என்று அறிவித்தது. முதலில் ஆய்வுக்கூட ஆய்வுகளுக்கு. பிறகு நோயாளிகளிடம் நடக்கும் ஆய்வுகளுக்கும் அப்படி ஒரு பரிசு வந்தது. தொகை சிறியதுதான், மருந்து நிறுவனங்களின் கணக்கில் டீ செலவு. இருந்தாலும் மேடையில் ஏற்றி, “இவர் இது வேலை செய்யாது என்று காட்டினார்” என்று அறிமுகப்படுத்துவது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அதைவிட அடிப்படையான மாற்றம், முடிவு தெரிவதற்கு முன்பே கட்டுரையை ஏற்றுக்கொள்வது. கேள்வியையும் முறையையும் முதலில் இதழுக்கு அனுப்ப வேண்டும். நிபுணர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால், பிறகு முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவார்கள். கார்டெக்ஸ் என்ற மூளை அறிவியல் இதழில் 2013இல் கிறிஸ் சேம்பர்ஸ் இதைத் தொடங்கி வைத்தார். உளவியலில் வழக்கமான கட்டுரைகளையும் இந்த வகைக் கட்டுரைகளையும் 2021இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கருதுகோள் சரி என்று வந்தவை முதலதில் 96 சதவீதம், இரண்டாவதில் 44 சதவீதம். உண்மை எந்தப் பக்கத்துக்கு நெருக்கம் என்று எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் எங்கள் வராந்தாவில் இது எதுவும் வந்து சேரவில்லை. மேற்படிப்பு மாணவர்கள் ஆய்வேடு எழுதும் பருவத்தில் புள்ளியியல் அறைக்கு வெளியே முகம் தொங்கிப்போய் நிற்பார்கள். “சிக்னிஃபிகன்ட்டா எதுவுமே வரலக்கா” என்பார்கள், பரீட்சையில் தோற்றது போல. ஒன்றரை வருஷம் ராத்திரி டியூட்டிக்கு நடுவே நோயாளிகளைத் தேடித் தேடிச் சேர்த்த பிள்ளைகள். முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க உதவும் பி மதிப்பு 0.05க்குக் கீழே வராததால் அந்த உழைப்பு குறைந்துவிடாது. வழிகாட்டும் பேராசிரியர் அந்த நேரத்தில் என்ன சொல்கிறார் என்பது முக்கியம். “வேற ஏதாவது க்ரூப்பா பிரிச்சுப் பாரு, எதுலயாவது வரும்” என்று சொன்னால், அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகும் தப்புக்கு அதுதான் முதல் பாடம். “நல்லா செஞ்சிருக்கே, வந்ததை அப்படியே எழுது” என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. இதழ்கள் ஏற்காத எத்தனையோ “பலனில்லை”கள் அங்கே இருக்கின்றன. அவற்றைத் திரட்டிக் கூட்டிப் பார்க்க யாராவது முன்வர வேண்டும்.

விதிகள் இல்லாமல் இல்லை. மனித ஆய்வுகளின் நெறிகளைச் சொல்லும் ஹெல்சின்கி பிரகடனம், எதிர்மறை முடிவுகளும் தெளிவற்ற முடிவுகளும் கட்டாயம் வெளியாக வேண்டும் என்று 2013லேயே எழுதிவிட்டது. இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்தாய்வுகளைத் தேசிய மருந்தாய்வுப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். 2018 ஏப்ரலுக்குப் பிறகு முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். எந்த ஆய்வு தொடங்கியது என்பதை இதனால் யாரும் மறைக்க முடியாது. முடிந்ததா, என்ன ஆனது என்பதைக் கேட்க ஆள் வேண்டும்.

அதனால் நான் இப்போது படிவத்தை வாசித்துக் காட்டும்போது அந்தப் பதிவு எண்ணைத் தனியாக ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறேன். “பேரப்பிள்ளைங்க யாராச்சும் இருந்தா நெட்டில் இதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. முடிஞ்சப்புறம் என்ன ஆச்சுன்னு எங்களையும் கேளுங்க, கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு” என்கிறேன். ஆய்வு முடிந்ததும் பங்கேற்ற குடும்பங்களுக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும் என்று எங்கள் துறையில் கேட்டு வருகிறேன். மாதிரி ஒன்று எழுதியும் வைத்திருக்கிறேன்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்த மருந்து, என்ன பார்த்தோம், மருந்து பலன் தரவில்லை, எனவே இனி இதை இந்த நோய்க்குக் கொடுக்கப் பரிந்துரைக்க மாட்டோம், இதைக் கண்டுபிடித்ததில் உங்கள் வீட்டுக்காரருக்குப் பங்கு இருக்கிறது. நெறிமுறைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.